துணைவஞ்சியும் போர்நிறுத்தமும்

பண்டைத் தமிழிலக்கியத்தைப் போரிலக்கியம் என்பார் உளர். ஆநிரை கவர்வார்க்கு வெட்சி, மீட்பார்க்குக் கரந்தை, மண்கொள்ளச் செல்வார்க்கு வஞ்சி, எதிர்நின்று தடுப்பார்க்குக் காஞ்சி, மதில் காப்பார்க்கு நொச்சி, மதில் வளைப்பார்க்கு உழிஞை, களத்திற் கலந்து பொருவார்க்குத் தும்பை, வென்றார்க்கு வாகை எனப் போரின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பூவைச் சூட்டி இலக்கணஞ் செய்த மொழியில், எடுத்த படைக்கலத்தைத் தாழ்த்தி ஓரிரவு உறங்குவார்க்கு ஒரு மலரும் இல்லாமற் போயிற்று என்பது அவர் காட்டுங் குறை. இக்குறை முழுதும் மெய்யன்று, முழுதும் பொய்யுமன்று. திணை இல்லை, துறை ஒன்று உண்டு. அதுவும் மண்ணாசையாற் படையெடுத்தலைச் சொல்லும் வஞ்சித் திணைக்குள்ளேயே இடம் பெற்றுக் கிடக்கின்றது. புறநானூற்றுக்குத் துறை வகுத்தோர் அதற்கு இட்ட பெயர் துணைவஞ்சி. வெல்லவோ கொல்லவோ துணிந்து நிற்பான் ஒருவனைச் சந்து செய்வித்து மீட்டல் என்பது அதன் பொருள்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழ்வார்க்கு இத்துறை ஏட்டளவில் நிற்பதன்று. வடக்கே வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரையும் இப்பகுதியில் வாழ்ந்தோர் 1985க்கும் 2008க்கும் இடையிற் போர்நிறுத்தம் என்ற சொல்லைப் பலமுறை செய்தித்தாளிற் கண்டவர். பலமுறை அது பொய்த்ததையுங் கண்டவர். ஆதலின் அச்சொல்லின் பொருளையும் வரலாற்றையும் இலக்கியத்தின் துணைகொண்டு ஆராய்வது வீண்முயற்சியாகாது.

முதற்கண் சொல்லை நோக்குதல் வேண்டும். ‘சந்து’ என்பது பழைய சொல். இரண்டு எலும்பு பொருந்துமிடம் சந்து. இரு மனைகளுக்கிடையே செல்லும் ஒடுங்கிய வழியும் சந்து. இருவர் பகையை நீக்கிப் பொருத்துதலும் சந்து. வடமொழியிற் கௌடலியர் வகுத்த அரசியல் ஆறு குணங்களுள் முதலாவதாகிய ‘சந்தி’யும் இப்பொருட்டே. பகலும் இரவும் கூடும் பொழுதுக்கும் அதுவே பெயர். இச்சொற்கள் யாவற்றிலும் இரண்டு என்னும் எண் மறைந்து நிற்கின்றது; பொருந்துதற்கு இருவர் வேண்டும். ‘போர்நிறுத்தம்’ என்பதோ பிற்காலத்துச் செய்தித்தாள் ஆக்கிக்கொண்ட சொல். அதில் இருவர் வேண்டுமென்ற குறிப்பு இல்லை. நிறுத்தியவன் ஒருவன் உளன். அவனே மீண்டும் தொடங்கவும் வல்லன் என்பதே அதன் உட்கிடை. ‘நிறுத்தல்’ என்பதற்கு எடையிடுதல் என்ற பொருளும் தமிழில் உண்டு. போர்நிறுத்த நாட்களில் எதிரி எதிரியை எடையிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை அறிந்தார்க்கு இச்சிலேடை நகைப்பைத் தராது.

துணைவஞ்சிப் பாடல்களுள் யாவரும் அறிந்தது 45ஆம் பாட்டு. உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்கின்றான். புறத்தே நலங்கிள்ளி முற்றியிருக்கின்றான். இருவரும் சோழர். கோவூர்கிழார் இருவர்க்கும் பொதுவாக ஒன்று சொல்கின்றார்: எதிரில் நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனுமல்லன், வேம்பு சூடிய பாண்டியனுமல்லன், இருவர் கண்ணியும் ஆத்தியே, ஒருவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி, இருவரும் வெல்லுதல் இயற்கையிலேயே இல்லை. அறத்தை எடுத்தோதி அரசரை அடக்கும் பாட்டாக இதனைப் போற்றுவது வழக்கம். கூர்ந்து நோக்கின், இதன் வாதம் அறத்தைப் பற்றியதன்று, கணக்கைப் பற்றியது. எதிரில் நிற்பவன் சேரனாக இருந்திருப்பின் புலவர் வாய் திறந்திருப்பாரோ என்ற ஐயத்தைப் பாட்டே எழுப்பிவிடுகின்றது. குடி ஒன்று என்பதே சந்துக்குக் காரணமாயின், குடி வேறாயினார்க்கிடையே சந்துக்குக் காரணம் யாது? இக்கேள்விக்கு 45ஆம் பாட்டில் விடையில்லை. நெடுங்கிள்ளியைக் ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்ற அடையோடு நூல் வழங்குவதும் நோக்கத்தக்கது. உறையூரில் அவன் மடியவில்லை, காரியாற்றில் மடிந்தான். உறையூரிற் செய்த சந்து உறையூரோடு நின்றது போலும்.

விடை அடுத்த பாட்டிலேயே உள்ளது. 46ஆம் பாட்டில் கிள்ளிவளவன் முன்னிலையில் மலையமான் மக்கள் யானைக் காலில் இடப்படுவதற்கு நிறுத்தப்பட்டிருக்கின்றனர். குடி வேறு; பகைவன் மக்கள். கோவூர்கிழார் ஈண்டுக் கணக்கை விட்டுவிடுகின்றார். புறாவுக்காகத் தன்னை ஈந்தவன் மரபில் வந்தவன் நீ என்றும், புலவர்க்குப் பகுத்துண்டவன் மரபினர் இவர் என்றும் இருபுறத்தையும் ஒரு சொல்லால் உயர்த்திய பின், அவர் கண் சிறுவரின் முகத்திற்குச் செல்கின்றது. அழுதுகொண்டிருந்த சிறுவர் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தனர். பின் மன்றத்து மாந்தரைப் புதியராகக் கண்டு மருண்டு, முன் அறியாத ஒரு துன்பத்தை அடைந்தனர். இவ்வளவுதான். கேட்டனை, இனி நீ விரும்பியது செய் என்ற கருத்தோடு பாட்டு முடிகின்றது. வேண்டுகோளும் இல்லை, அச்சுறுத்தலும் இல்லை. சந்து செய்வார் கையில் உள்ள படைக்கலம் இந்தக் காட்சி ஒன்றே என்று காட்டிய வகையால், 45ஆம் பாட்டினும் இப்பாட்டே துறைக்கு உரிய உச்சமெனக் கொள்ளத்தகும். பாடநூல்கள் முன்னதையே பெரிதும் எடுத்தாள்வது, அதன் வாதம் மாணவர் எழுதி ஒப்புவித்தற்கு எளிதாயிருத்தலாற் போலும்.

ஏனைய பாடல்களைச் சுருங்கச் சொல்லலாம். கருவூரை முற்றிய கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் மீட்கும் 36ஆம் பாட்டு, எதிர்த்துவர நாணமற்றவனோடு பொருவது உனக்கு நாண் என்று வீரத்தையே வீரத்திற்குத் தடையாக வைக்கின்றது. மக்களோடு பொரச் சென்ற கோப்பெருஞ்சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் மீட்கும் 213ஆம் பாட்டு, நீ வென்றால் நாட்டை யார்க்கு விடுவாய் என வினவுகின்றது. இவற்றினும் 57ஆம் பாட்டே சிந்தனைக்குரியது. காரிக்கண்ணனார் நன்மாறனிடம் போரை நிறுத்துமாறு கேட்கவேயில்லை. விளைவயலைக் கொள்ளையிடினும், ஊரை எரியூட்டினும், காவல்மரங்களை மட்டும் வெட்டாதொழிக என்பதே அவர் வேண்டுகோள். இதனையும் துணைவஞ்சி என்றே வகுத்தனர். பெருஞ்சந்து கைகூடாதவிடத்து ஒரு மரத்துக்காயினும் சந்து செய்யலாம் என்று துறை வகுத்தோர் கருதியிருத்தல் வேண்டும். நெல்லும் வீடும் போகட்டும், மரம் நிற்கட்டும் என்பது கேட்பார்க்குக் கொடுமையாகத் தோன்றலாம். ஆயின் மன்னன் செவி எவ்வளவு திறந்திருக்கின்றது என்பதைப் புலவர் அளந்தறிந்தே பேசினார்.

புறநானூற்றை விட்டு இதிகாசங்களுக்கு வருவார், முதலில் இராமன் இராவணனுக்குத் தந்த ஓரிரவை நினைப்பர். முதற்போர்புரி படலத்தில் தேரும் வில்லும் முடியும் இழந்து நின்றவனை மறுநாள் வருமாறு இராமன் அனுப்பிய செய்தி தமிழுலகம் முழுதும் பழமொழிபோற் பரவியது. ஆயின் அது போர்நிறுத்தமன்று. ஒருவன் வழங்க மற்றவன் ஏற்க நேர்ந்த அருள் அது. அருள் பெற்றவன் நெஞ்சில் அது எவ்வாறு தங்கியது என்பதைக் கம்பர் மறைக்கவில்லை. இலங்கைக்கு மீண்ட இராவணன் வானோர் நகுவர் என்பதற்கோ மண்ணோர் நகுவர் என்பதற்கோ நாணவில்லை. சானகி நகுவாளே என்று நாணினான். அந்த நாணே கும்பகருணனைத் துயிலெழுப்பியது. வென்றவன் பெருந்தன்மையாகத் தரும் இடைவேளை தோற்றவனுக்குப் புண்ணாக முடியும் என்பதைக் கம்பரைப்போல் உணர்ந்தவர் சிலரே.

மெய்யான போர்நிறுத்தம் பாரதத்தில் உண்டு. மட்டக்களப்பார்க்குப் பாரதம் படித்தறியும் நூல் மட்டுமன்று. கல்முனைக்கு அயலேயுள்ள பாண்டிருப்பில் திரௌபதையம்மன் விழா பதினெட்டு நாளும் பாரதக் கதையோடு இயைந்து நடந்து தீமிதிப்பில் முடிகின்றது. வடமோடிக் கூத்தில் போர்க்கதைகளே மிகுதி; பதினெட்டாம் போர் களரியேறி ஆடப்பெற்றது. ஆனால் களரியில் ஆடப்படாத ஓரிரவு வியாசரின் துரோண பருவத்தில் உள்ளது. பதினான்காம் நாள். சயத்திரதன் வீழ்ந்த பின்னும் போர் நிற்கவில்லை. மாலையிற் போரொழிதல் வேண்டுமென்று தொடக்கத்தில் இருதிறத்தாரும் செய்த ஒப்பந்தம் முறிந்து, தீவட்டி வெளிச்சத்திற் போர் நடக்கின்றது. கடோற்கசன் மடிகின்றான். நள்ளிரவு கடந்தபோது வீரர் உறக்கத்தால் எதிரி யார், தம்மவர் யார் என்று அறியாமல் தம்மைத்தாமே வெட்டிக்கொள்ளும் நிலை. அப்போது அருச்சுனன் உரத்த குரலில், நிலவு எழும்வரை இவ்விடத்திலேயே உறங்குவோம், எழுந்தபின் மீண்டும் பொருவோம் என்கின்றான். கௌரவர் படை அதனை ஏற்று அவனை வாழ்த்துகின்றது. தூதும் ஓலையும் இல்லை. யானைமேல் இருந்தோர் யானைப் பிடரியிலும், தேரில் இருந்தோர் தேர்த்தட்டிலும், காலாள் வெறுநிலத்திலும் உறங்குகின்றனர். நிலவு எழுகின்றது, சொன்னபடி போர் தொடங்குகின்றது. மறுநாள் துரோணர் வீழ்கின்றார்.

இவ்விரவை நான்காம் நாளின் பின் வரும் இன்னோரிரவோடு ஒப்பிட்டுப் படித்தல் வேண்டும். பதினெட்டாம் நாள் முடிந்தது. போரும் முடிந்தது என்று பாஞ்சாலர் பாசறையில் உறங்குகின்றனர். ஆந்தை ஒன்று உறங்கும் காக்கைகளைக் கொல்லக் கண்ட அசுவத்தாமன் அவ்வழியைத் தானும் மேற்கொள்கின்றான். முதலிரவில் களத்தின் நடுவே, எதிரியின் வாளுக்கு எட்டும் தொலைவில் உறங்கியவர் பிழைத்தனர். இரண்டாமிரவில் வெற்றி பெற்றுக் காவலுள் உறங்கியவர் மாண்டனர். காரணம் வெளிப்படை. முதலிரவில் இரு படையும் ஒரு சொல்லுக்கு உட்பட்டது. இரண்டாமிரவில் எந்தச் சொல்லுக்கும் உட்படாத மூவர் காட்டில் இருந்தனர். போர்நிறுத்தத்தின் வலிமை அதற்கு உடன்பட்டவரால் மட்டும் அமைவதன்று. வெளியே நிற்பவர் யார் என்பதாலும் அமைவது.

வாவிக்கரை வரலாறு இதனை இருமுறை மெய்ப்பித்தது. புளியந்தீவிற் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஐந்து நாட்களின் பின், மே 23இல், ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனும் மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்தனர். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைத்தல் பற்றிய பிரிவில், அரசன் விரும்பினால் என்ற கருத்துடைய சொற்றொடர் அரசனுக்குக் கொடுத்த போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியில் இல்லை. பாடபேதம் ஏட்டுச்சுவடிக்கு மட்டும் உரியதென்று கருதுவார் இதனை எண்ணிப் பார்க்க. ஒரு சொற்றொடரின் வேறுபாடு இருபது ஆண்டுப் பூசலுக்கு வித்தாயிற்று.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் நோக்கற்பாலது. 1641ஆம் ஆண்டு யூன் மாதம் ஹேக் நகரில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பத்தாண்டுப் போர்நிறுத்தம் செய்தனர். ஈழத்திலோ காலி நாட்டுக் கறுவாக் காணி யாருடையது என்ற வழக்கு தீராமையால், 1644ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டுமோர் இணக்கம் செய்த பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. எவன் நாட்டில் இருவரும் பொருதனரோ அந்த இராசசிங்கன் ஹேக் நகரில் ஒப்பமிட்டவனல்லன். அவன் நிலத்தைப் பற்றிய அமைதி அவனை வைத்துக்கொள்ளாமலே செய்யப்பட்டது. 1652இல் தவணை முடிந்ததும் போர் மீண்டது. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன.

பத்தாண்டு என்ற தவணை இசுலாமிய வரலாற்றிலும் உண்டு. 628ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகமும் மக்கத்துக் குறைசியரும் செய்த உடன்படிக்கையில், இறைதூதர் என்ற அடைமொழியை எதிர்த்தரப்பினர் மறுத்தபோது, தோழர் வருந்தவும் நபிகள் அதனை நீக்க இசைந்தார். ஒரு சொல்லை விட்டுக்கொடுத்துச் செய்த அமைதி அது. மட்டக்களப்பிலோ ஒரு சொற்றொடரை ஒளித்து வைத்து உடன்படிக்கை செய்தனர். ஆயினும் ஹுதைபிய்யா அமைதியும் இரண்டாண்டுக்குமேல் நிற்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் சார்ந்திருந்த குலங்களின் பழம்பகை அதனை உடைத்தது. 1914ஆம் ஆண்டு நத்தார் நாளில் பிரான்சியப் போர்முனையில் வீரர் தாமே பதுங்குகுழியை விட்டெழுந்து கைகுலுக்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அது அருச்சுனன் இரவுக்கு உறவானது. மேலதிகாரிகள் அதனை மீண்டும் நிகழவிடாமற் பார்த்துக்கொண்டனர்.

அண்மைக்கால உடன்பாடுகளுள் 1985, 1989, 1995 ஆகிய ஆண்டுகளில் எழுந்தவை குறுகிய ஆயுளின. அவற்றுள் 1990ஆம் ஆண்டு யூன் 11இல் முறிந்த அமைதி மட்டக்களப்பிலேயே முறிந்தது. அதன்பின் வந்த மாதங்களில் சத்துருக்கொண்டானில் தமிழரும், காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் முசுலிம்களும் கொல்லப்பட்டதை இருசாராரும் மறந்திலர்.

நூலாக எடுத்துத் திறனாய்தற்குரியது 2002ஆம் ஆண்டு பெப்பிரவரி 22இல் நோர்வே நாட்டின் அனுசரணையோடு அரசும் விடுதலைப் புலிகளும் ஒப்பமிட்ட உடன்படிக்கையே. அதன் நடை வறண்டது. ஆயினும் உள்ளடக்கத்தில் 57ஆம் புறப்பாட்டின் சாயல் உண்டு. வழிபாட்டிடங்களை 30 நாளுக்குள்ளும் பாடசாலைக் கட்டடங்களை 160 நாளுக்குள்ளும் விட்டகல வேண்டும் என்று நாட்கணக்குக் குறித்தது. காவல்மரத்தை வெட்டாதே என்ற புலவர் குரல் இது. வாவியின் படுவான்கரை புலிகள் வசமும் எழுவான்கரை அரசு வசமும் இருந்த அந்நாட்களில், மண்முனைத் துறையிற் பாதை ஏறிக் கரைகடந்தார்க்கு அவ்வுடன்படிக்கை தந்தது நெல்லை ஏற்றிச் செல்லும் உரிமையும், மறுகரை உறவினர் மரணவீட்டுக்குப் போய்த் திரும்பும் ஒரு பகற்பொழுதும். பெருஞ்சமாதானம் எதையும் அவர் எதிர்பார்த்திலர். கிடைத்ததைச் சிறிதென்று எண்ணியதுமில்லை.

அந்நூலின் குறை மூன்றிடத்தில் தெரிகின்றது. முகவுரையில் முசுலிம் மக்கள் துன்புறுவதை எடுத்துக்கூறி, பாதுகாப்பு விதிகள் அனைவர்க்கும் உரியன என்றது. ஆனால் ஒப்பமிடும் இடத்தில் அவர்க்கு இடமில்லை. 1641இல் இராசசிங்கனுக்கு நேர்ந்தது 2002இல் அவர்க்கு நேர்ந்தது. அவ்வாண்டு யூன் மாதமே வாழைச்சேனையில் தமிழர்–முசுலிம் கலவரம் மூண்டது. இரண்டாவது, ஒப்பமிட்ட தரப்பே பிளவுபடின் என் செய்வது என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. 2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கிழக்குத் தளபதி பிரிந்தார். ஏப்பிரலில் வெருகலாற்றங்கரையில் ஒரே இயக்கத்தார் ஒருவரையொருவர் சுட்டனர். இருவர் கண்ணியும் ஆத்தியே என்று சொல்ல அன்று அங்கு ஒரு கோவூர்கிழார் இல்லை. இருந்திருப்பின் கேட்டிருப்பர் என்றும் துணிதற்கில்லை.

மூன்றாவது குறை எல்லாவற்றினும் பெரிது. உடன்படிக்கையை விட்டு நீங்க விரும்புவோர் 14 நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்பது விதி. அரசு 2008ஆம் ஆண்டு சனவரி 2இல் அறிவித்தது. 16ஆம் நாள் உடன்படிக்கை முடிந்தது. ஆனால் 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவில் மட்டக்களப்புப் புனித மரியாள் தேவாலயத்தில், வழிபாட்டின் நடுவே பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டபோது உடன்படிக்கை நடைமுறையில் இருந்தது. 2007ஆம் ஆண்டு சனவரியில் வாகரை வீழ்ந்தபோது இருந்தது. அவ்வாண்டு யூலையில் குடும்பிமலை வீழ்ந்து, கிழக்கில் போரே முடிந்ததென்று அறிவித்தபோதும் இருந்தது. கிழக்கிலங்கையிற் போர் தொடங்கி நடந்து முடிந்தது முழுதும் போர்நிறுத்தக் காலத்திலேயே என்பது நகைச்சுவையன்று, வரலாறு. பாரதத்து வீரர் நிலவு எழுந்தபின்னரே வில்லெடுத்தனர். ஈண்டோ நிலவு எழுமுன்னரே பொருதுவிட்டு, பொருது முடித்தபின் நிலவு எழுந்ததாக அறிவித்தனர்.

வாவிக்கரை மக்கள் தமக்கென வைத்திருந்த ஒரு முறையை ஈற்றிற் குறிப்பிடல் வேண்டும். மதுரையை எரித்த கண்ணகியின் சினம் ஆறும்பொருட்டு ஊரவர் இரு கட்சியாகப் பிரிந்து கொம்பு முறித்து ஆடினர் என்பது இப்பகுதியில் வழங்கும் கதை. வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகள் இரண்டைக் கொளுவி வடம்பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பர். வென்றவர் தோற்றவரைப் பாட்டாற் பழிப்பர், தோற்றவர் பொறுத்திருப்பர். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்தின் பொருட்டு ஆடப்பெறும் அங்கெலியாவும் இதுவே. வைகாசியில் அம்மன் கோயில்களிற் கண்ணகி வழக்குரை படித்துக் குளிர்த்தி பாடுவர். வழக்குரையை முழுமையும் படித்தல், அஃதாவது தன் பக்கத்து நியாயத்தை ஒன்றும் விடாமற் சொல்லி முடித்தல், குளிர்த்திக்கு முன் நிகழ்வதாக வைத்த ஒழுங்கு கருதத்தக்கது. சிலப்பதிகாரத்துக் கண்ணகி எரித்தபின் வானூர்தி ஏறிப் போய்விடுகின்றாள். அவளைக் குளிர்விக்க மதுரையில் எவரும் எஞ்சியதாக இளங்கோ பாடவில்லை. வாவிக்கரைப் புலவன் அவளைப் போகவிடவில்லை. அவள் சொல்வதை முழுதும் கேட்டு, ஆயர் மனையில் இருத்தி, நீரும் வேப்பிலையுமாகக் குளிர்வித்து, அதன்பின்னரே ஏட்டைக் கட்டுகின்றான்.